ஆஸ்பத்திரிக் கடன்: பில் கட்டிய பிறகு தொடங்கும் கணக்கு

மருத்துவச் செலவு பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். “இன்சூரன்ஸ் இருந்தா பயமே இல்லை” என்பது ஒன்று. “எப்படியோ பில்லைக் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு, கஷ்டம் தீர்ந்தது” என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பித்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. இன்சூரன்ஸ் இருந்தும் கடன் வருகிறது. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்துதான் அந்தக் கடன் வளரவும் தொடங்குகிறது.

கடன் எந்தப் பெயரில் இருக்கிறது?

அமெரிக்காவில் நோயாளி வீட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் பில் வருகிறது. கட்ட முடியாதவர் நேரடியாக ஆஸ்பத்திரிக்கே கடன்காரர் ஆகிறார். அதனால் அந்தக் கடனை எண்ண முடிகிறது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது குறைந்தது 22,000 கோடி டாலர்.

நம் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிகளில் முழுப் பணமும் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரும். ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்குப் புத்தகத்தில் கடன் என்று ஒன்றும் நிற்காது. அது அடகுக்கடை ரசீதிலும், பாதியில் எடுத்த சீட்டுப் பணத்திலும், மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றிலும், மகளிர் குழுக் கடனிலும் இருக்கிறது. கேட்டால் “நகைக்கடன் இருக்கு” என்பார்கள். நகையை ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வில், கிராமப்புறக் குடும்பங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதன்மையாக எதை நம்பின என்று கேட்டார்கள். சுமார் 80 சதவீதம் வருமானமும் சேமிப்பும், 13 சதவீதம் கடன் என்று பதில் வந்தது. கடன் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் சேமிப்பைத் துடைத்து பில் கட்டியவர், இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்குவார். அது கல்விக் கடனாகத்தான் கணக்கில் ஏறும்.

கல்யாணக் கடனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கல்யாணத்துக்கும் கடன் வாங்குகிறோம். ஆனால் அங்கே தேதியை நாம் குறிக்கிறோம். மண்டபம் விலை கூடுதல் என்றால் வேறு மண்டபம் பார்க்கிறோம், பந்தியில் இரண்டு பதார்த்தம் குறைக்கிறோம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்பே தெரியும். கடன் வாங்கிய மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போகலாம்.

ஆஸ்பத்திரிச் செலவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தேதியை நோய் முடிவு செய்கிறது. என்ன தேவை என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். மொத்தத் தொகை கடைசி நாளில்தான் தெரிகிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி, செலவு உச்சத்தில் இருக்கும் அதே மாதத்தில் வருமானம் நின்றுபோவதுதான். படுத்திருப்பவரின் கூலியோடு, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் கூலியும் போகிறது. மருத்துவக் கடனின் அடிப்படை இயக்கமே இந்த இரட்டை அடிதான்.

ஒரு கொத்தனார் குடும்பத்தின் கணக்கு

கற்பனையான ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கொத்தனாருக்கு நாள் கூலி 1,000 ரூபாய். மாதம் 20 நாள் வேலை என்றால் 20,000. சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிகிறது. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அறுவை சிகிச்சை, பில் 1,40,000 ரூபாய்.

கையிருப்பு 20,000. நகையை வங்கியில் வைத்து 80,000. மீதி 40,000 தெரிந்தவரிடம் ‘மூணு வட்டி’க்கு. இதோடு முடிந்தது என்று குடும்பம் நினைக்கும். தொடை எலும்பு கூடி, அவர் மறுபடி சாரம் ஏற நான்கு மாதமாவது ஆகும். அந்த நான்கு மாதக் கூலி 80,000 ரூபாய் எந்த பில்லிலும் இல்லை. ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரே, பிசியோதெரபி, ஒவ்வொரு முறையும் ஆட்டோ. வட்டிக்காரருக்கு மாதம் 1,200, வீட்டு வாடகை, அரிசி, பருப்பு. இவற்றுக்காக வாங்கும் இரண்டாவது கடன்தான் பல வீடுகளில் முதல் கடனைவிட மோசமான வட்டிக்கு வருகிறது. நல்ல வழிகள் எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. காப்பீடோ அரசோ தராமல் குடும்பமே நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு ‘கைச்செலவு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தேசிய சுகாதாரக் கணக்கின்படி இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் இது 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாவது, ‘தாளாச் செலவு’. ஒரு வருடத்தில் குடும்பம் செய்யும் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குக் கைச்செலவாகப் போனால் அது தாளாச் செலவு என்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நெடுநாள் பயன்பட்டுவந்த ஓர் அளவுகோல். 25 சதவீதம் என்ற இன்னொரு கோடும் உண்டு. கொத்தனாருக்கு வருடச் செலவு 2,40,000 என்று வைத்தால், பில் மட்டுமே 58 சதவீதம்.

இந்த அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பணமில்லை என்று சிகிச்சையே எடுக்காமல் வீட்டில் இருந்துவிட்டவரின் செலவு பூஜ்யம். புள்ளிவிவரத்தில் அவர் பத்திரமாக இருக்கிறார்.

இதுவரை பார்த்தது: பில், நின்றுபோன கூலி, தொடர் சிகிச்சை, வட்டி ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவக் கடன். முதல் ஒன்று மட்டும்தான் தாளில் தெரிகிறது.

வட்டியை எப்படிப் படிப்பது

‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். காதுக்குச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36, அஞ்சு வட்டி 60, பத்து வட்டி 120 சதவீதம்.

தண்டல் இன்னும் ஏமாற்றும். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “1,500 ரூபாய்தானே வட்டி” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 8,500ஐ நாம் 100 நாளும் முழுதாக வைத்திருப்பதில்லை. சரியாகக் கணக்குப் போட்டால் வருடத்துக்குச் சுமார் 120 சதவீதம், அதாவது பத்து வட்டிக்குச் சமம்.

கடன் எப்படி நோயாக மாறுகிறது

பணம் இறுகும்போது குடும்பம் எதை முதலில் வெட்டும்? எதை நிறுத்தினால் இன்றைக்கு வலிக்காதோ அதைத்தான். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாரம் விட்டால் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. சர்க்கரை மாத்திரையை இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாக்கினாலும் உடனே ஒன்றும் ஆகாது. அதனால் இவைதான் முதலில் போகின்றன. வலியைப் போக்கும் மாத்திரையை யாரும் நிறுத்துவதில்லை, உயிரைக் காக்கும் மாத்திரை நின்றுவிடுகிறது.

சர்க்கரை நோயால் காலில் வரும் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. செருப்பு கடித்தது தெரியாது. புண் வருகிறது, வலி இல்லாததால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். ரத்த ஓட்டமும் குறைவாக இருப்பதால் புண் ஆறாமல் உள்ளே எலும்பு வரை போகிறது. முதல் வாரத்தில் புண்ணைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, காலுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். விரலை எடுக்கும் கட்டத்தில் வந்தால் அது ஆயிரங்களில், பாதம் போனால் லட்சத்தில். அதோடு நின்று செய்யும் வேலையும் போகும். பழைய கடனுக்குப் பயந்து தள்ளிப்போட்ட ஒரு டாக்டர் சீட்டு, புதிய கடனாக, முன்பைவிடப் பெரிதாக வந்து நிற்கிறது.

கொத்தனார் வீட்டிலும் இதே கதைதான். பிசியோதெரபியை நிறுத்தினால் முழங்கால் இறுகிவிடும். மடக்க முடியாத காலோடு கட்டட வேலைக்குப் போனால் கிடைப்பது குறைந்த கூலி வேலை. கடனை அடைக்க வேண்டிய வருமானமே நிரந்தரமாகச் சுருங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இப்படி ஒரு கடன் இருக்கும்போது, மற்றவர்கள் தங்கள் நோயைச் சொல்லத் தயங்குகிறார்கள். அதிலும் அம்மாக்கள். மாதக்கணக்கில் அதிக உதிரப்போக்கு, மார்பில் ஒரு கட்டி, எதையும் “கடன் அடையட்டும், பார்த்துக்கலாம்” என்று மறைத்துவைப்பார்கள். கடன் வாங்கியது ஒருவருக்காக, சிகிச்சையை இழப்பது இன்னொருவர்.

இந்த வெட்டுகளில் பாதி தேவையே இல்லாதவை என்பதுதான் மனதை வருத்துகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. விலைக்கு வாங்கினாலும் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலக்கூறு மருந்து மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால் “இதோட மூலக்கூறு பெயரை எழுதிக் கொடுங்க டாக்டர்” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தும் ஏன் கைச்செலவு?

இதைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூன்று லட்சம் பாலிசி என்றால் மூன்று லட்சம் வரை எல்லா பில்லையும் கட்டுவார்கள் என்று நம்புகிறோம். பாலிசிக்குள் பல கதவுகள் இருக்கின்றன, எல்லாக் கதவும் திறந்தால்தான் பணம் வரும்.

முதல் கதவு காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த பிறகு குறிப்பிட்ட நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத காலம் அது. பொதுவாக விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடையாது. கண் புரை, ஹெர்னியா (குடலிறக்கம்), மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 2 வருடம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 36 மாதம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் வரையறுத்துள்ளது. சர்க்கரை இருப்பதை மறைத்து பாலிசி எடுப்பவர்கள் உண்டு. ஏஜென்டே “போட வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்” என்பார். ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘10 வருடமாகச் சர்க்கரை’ என்று டாக்டர் எழுதிய நிமிடம் அந்த பாலிசி ஆட்டம் காணும்.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு சின்ன முடிவு பெரிய தொகையைத் தின்றுவிடும் இடம் இது. பல பாலிசிகளில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் நாளுக்கு 1 சதவீதம். மூன்று லட்சத்துக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். வித்தியாசம் 3,000தானே, ஐந்து நாளுக்கு 15,000 கைக்காசு போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நடப்பது வேறு. தகுதியான வாடகை நீங்கள் எடுத்ததில் பாதி என்பதால், சர்ஜன் கட்டணம், அறுவை அரங்கு, நர்சிங், டாக்டர் விசிட் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

பில் 2,10,000 என்று வைப்போம். அறை 30,000. அறுவை, அரங்கு, நர்சிங் சேர்த்து 1,20,000. மருந்து, உள்ளே வைத்த கம்பி, பரிசோதனைகள் 50,000. கையுறை, பஞ்சு போன்ற, பாலிசியில் சேராத நுகர்பொருள்கள் 10,000. முதல் இரண்டும் பாதியாகி 75,000 வரும். மருந்து, உள்வைப்பு, பரிசோதனை ஆகியவற்றில் இந்தக் கழிவைப் போடக்கூடாது என்பது விதி, எனவே 50,000 முழுதாக வரும். கடைசி 10,000 வராது. ஆக 1,25,000 இன்சூரன்ஸ், 85,000 உங்கள் கை. பாலிசிக்குள் அடங்கும் அறையை எடுத்திருந்தால் 15,000 வாடகையும் மிச்சமாகி, கைச்செலவு 10,000 அளவில் நின்றிருக்கும். அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கழிவே போடக்கூடாது. போட்டிருந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, வெளிநோயாளி செலவு. டாக்டர் ஃபீஸ், மாதாந்திர மருந்து, ஸ்கேன் ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் தொடுவதில்லை. நீண்டகால நோயுள்ள குடும்பத்தை மாதா மாதம் அரிப்பது இதுதான்.

சுருக்கமாக, காத்திருப்புக் காலம், அறை வரம்பு, சேராத பொருட்கள், வெளிநோயாளி செலவு ஆகிய நான்கையும் பாலிசித் தாளில் தேடிப் படித்தால் இன்சூரன்ஸின் உண்மையான மதிப்பு தெரிந்துவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 2024 அக்டோபர் முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் தனியாக 5 லட்சம் உண்டு.

தவறு எங்கே நடக்கிறது? அட்டையை ஆள் படுத்த பிறகு தேடுவது முதல் தவறு. குடும்ப அட்டையில் ஒரு எழுத்துப் பெயர், ஆதாரில் இன்னொன்று என்றால் அவசரத்தில் எதுவும் நகராது. அடுத்தது, “இந்த ஆஸ்பத்திரியில் திட்டம் இருக்கா?” என்று மட்டும் கேட்பது. ஓர் ஆஸ்பத்திரி இதய சிகிச்சைக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம், எலும்புக்குச் சேராமல் இருக்கலாம். “இந்த ஆபரேஷனுக்கு, இந்த ஆஸ்பத்திரியில் திட்டம் உண்டா?” என்று கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ 104இலோ அனுமதிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதற்கு இந்த அட்டை வேண்டியதில்லை.

நம் கொத்தனாரைப் பாருங்கள். வருட வருமானம் 2,40,000. திட்டத்துக்கு அதிகம், தனியார் பாலிசிக்குப் போதாது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் குறைந்தது 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்கிறது. இவர்களுக்கு உண்மையான காப்பீடு அரசு மருத்துவமனைதான். தொடை எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. பணம் தீர்ந்த பிறகு அங்கே மாற்றுவதைவிட, முதல் நாளே போவது ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பைக் காப்பாற்றும்.

பில் மேசையில்

அனுமதிக்கும்போதே உத்தேச மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். நடப்புக் கணக்கைத் தினமும் வாங்கிப் பாருங்கள். கடைசி நாளில் கேட்டால் பேச நேரமிருக்காது. இனவாரியான பில் பெறுவதும், மருந்தையும் பரிசோதனையையும் வெளியில் வாங்க, செய்ய விரும்பினால் அதற்கான உரிமையும் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ளவை. பில் தகராறைக் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

பில்லில் பார்க்க வேண்டியவை: போடாத ஊசி, திருப்பிக் கொடுத்த மருந்துக்கு வரவு வைக்காதது, ஒரே பரிசோதனை இரண்டு முறை, டிஸ்சார்ஜ் நாளுக்கு முழு வாடகை. ஸ்டென்ட், செயற்கை முழங்கால் ஆகியவற்றுக்கு 2017 முதல் அரசு உச்சவிலை இருக்கிறது. அவற்றின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள், இன்சூரன்ஸ் கேட்கும் ஆவணமும் அதுவே. டிஸ்சார்ஜ் சுருக்கம், சீட்டோடு கூடிய மருந்து பில்கள், பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும்.

கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கூட்டுறவுச் சங்க நகைக்கடன், வங்கி நகைக்கடன், மகளிர் குழு என்ற வரிசையில் முயலுங்கள். தண்டலும் கடன் செயலிகளும் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரி மேசையிலேயே தரும் தவணைத் திட்டம் உண்மையில் ஒரு நிதி நிறுவனக் கடன், தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கும். ஆட்டோ, தையல் மெஷின், கறவை மாடு போல வருமானம் தரும் எதையும் விற்காதீர்கள். நகையை அடகு வைத்தால் மீட்கும் தேதியைக் குறித்துவைத்து, வட்டியையாவது கட்டிப் புதுப்பியுங்கள். தவறினால் ஏலம் போகும்.

தனியாரிடம் வாங்கும்போது தொகை எழுதாத புரோ நோட்டிலோ வெற்று செக்கிலோ கையெழுத்துப் போடக் கூடாது. 40,000 கடனுக்குக் கொடுத்த வெற்று செக்கில் நான்கு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, செக் பவுன்ஸ் வழக்காக வந்து நிற்கலாம். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் ஜிபே போல வங்கி வழியாகவே அனுப்புங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் புகார் தரலாம், அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.